பல் சகாய நிதியும் பதினேழு ஷரத்துகளும்

ஷரத்து ஆசாமி என்று ஒரு பிறவி உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் பந்திக் கூடத்து வாசலில் நின்றுகொண்டு, பிள்ளைக்காரிகள் முதலில், வெளியூர்க்காரர்கள் அடுத்து, உள்ளூர்க்காரர்களில் ரயிலுக்குப் போகிறவர்கள் மட்டும் வெளியூர்க்காரர்களோடு சேரலாம், ஆனால் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும் என்று அவர் வரிசை பிரித்துக்கொண்டிருப்பார். உள்ளே பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருப்பார்கள். தெருவில் ஒரு வீடு தீப்பிடித்தால் வாளியோடு ஓடுகிறவர்களை நிறுத்தி, கிணற்றுக்குப் போகிறவர்கள் இடது பக்கம், வருகிறவர்கள் வலது பக்கம் என்று ஒழுங்குபடுத்துகிறவரும் அவர்தான். கெட்டவரா? இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் நாம் ஒதுங்கிப் போய்விடலாம். இவர் நமக்கு நல்லது செய்ய வருகிறார்.

இந்த இனத்தில் அப்பழுக்கில்லாத ஓர் ஆளைப் பார்க்க வேண்டுமென்றால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் தென்காசியில் அருமைநாயகம் முதலாளியின் ஜவுளிக்கடைக்குப் போயிருக்க வேண்டும். அங்கே கல்லாவுக்குப் பின்னால், காதில் பேனாவைச் செருகிக்கொண்டு, கணக்கப்பிள்ளை குற்றாலிங்கம் உட்கார்ந்திருப்பார். நல்ல மனுஷர். ஒரு காசு தவறாக எடுத்ததில்லை. ஒரு காசு சரியாகக் கொடுத்து முடிப்பதற்குள் வாங்குகிறவனுக்கு வயசாகிவிடும், அவ்வளவுதான்.

கடையில் மொத்தம் பதினொரு பேர். சம்பளம் உண்டு. தீபாவளிக்கு வேட்டி உண்டு. முதலாளி வேதக்காரர் ஆகையால் கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு துண்டு கேக்கும் உண்டு. பல்வலிக்கு ஒன்றும் கிடையாது. இது அதுவரை ஒருவருக்கும் குறையாகத் தெரியவில்லை. மூட்டை தூக்கும் மாடனுடைய மச்சான் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். அவன் மதுரை ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போய், காலணா செலவில்லாமல் மூன்று பல்லைப் பிடுங்கிக்கொண்டு, போக வர இலவசப் பாஸில் பிரயாணமும் செய்து, கடைக்கு வந்து எல்லோருக்கும் வாயைத் திறந்து காட்டினான். அந்த மூன்று ஓட்டைகளைப் பார்த்த பிறகுதான் பதினொரு பேருக்கும் வயிறு எரிந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"துணி என் துணி. கெஜக்கோல் என் கெஜக்கோல். அதுக்கு ஒண்ணுன்னா நான் பார்க்கேன். பல்லு உங்க பல்லுதானடே?" என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டு பதினொரு பேரும் வெளியே வந்தபோது, "கவலைப்படாதிய. நாமளே ஒரு நிதி வைப்போம். மாசம் ஆளுக்கு நாலணா. யாருக்குப் பல்லு வலிக்கோ அவனுக்கு அதிலேருந்து எடுத்துக் குடுப்போம்" என்று சொன்னவர் குற்றாலிங்கம்தான். பெரிய யோசனை. எளிய யோசனை. ஒரு நாள் முழுதும் அது எளிய யோசனையாகவே இருந்தது. மறுநாள் காலையில் அவர் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். முதல் பக்கத்தில் 'பல் சகாய நிதி, தென்காசி' என்று எழுதியிருந்தது. இரண்டாம் பக்கத்திலிருந்து ஷரத்துகள்.

அவரைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு பாத்திரச் சீட்டில் சேர்ந்திருந்தார். சீட்டுப் பிடித்தவர் வாயால் பேசியே எல்லாவற்றையும் நடத்தினார். நமக்குள்ளே எழுத்து எதற்கு என்று சிரித்தார். பித்தளை அண்டா இவர் கைக்கு வருவதற்கு முந்தின மாதம் செங்கோட்டையில் ரயிலேறிப் புனலூர்ப் பக்கம் போனவர் திரும்பவே இல்லை. அன்றைக்குக் குற்றாலிங்கத்தின் மனைவி ஓட்டைக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். குடம் ஒழுகி முடிகிறவரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் அவர் எழுத ஆரம்பித்தார்.

ஷரத்துகள் பதினேழு. எல்லாவற்றையும் சொல்லி உங்களைச் சோதிக்க மாட்டேன். முறுக்கு, கரும்பு, கொட்டைப்பாக்கு, பனங்கிழங்கு ஆகியவற்றைக் கடித்ததால் வந்த வலி சொந்தச் சந்தோஷத்தில் வந்த வலி, அதற்கு உதவி கிடையாது என்றது ஐந்து. வெற்றிலை போடுகிறவர்களுக்குப் பாதி உதவி என்றது எட்டு. வைத்தியம் செய்வதற்கு முன்னால் பல் டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கி வர வேண்டும் என்றது ஒன்பது. பணம் இரண்டு பூட்டுப் போட்ட தகரப் பெட்டியில் இருக்க வேண்டும், ஒரு சாவி செயலாளரிடமும் ஒரு சாவி பொருளாளரிடமும் என்றது பன்னிரண்டு. செயலாளர் குற்றாலிங்கம்தான். கடை வாசலில் மிஷின் போட்டிருந்த தையல்காரர் ஒலி முகம்மது பொருளாளர். பதினான்காவது ஷரத்துப்படி, உதவி கேட்டு வருகிற பல்லை ஏழு பேர் கூடிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பல்லின் சொந்தக்காரன் அந்த ஏழில் சேர மாட்டான்.

பதினான்கு மாதத்தில் பெட்டியில் முப்பத்தெட்டரை ரூபாய் சேர்ந்தது. அதில் ஒரு நயா பைசா செலவாகவில்லை. நிதி அவ்வளவு சிறப்பாக நடந்தது. யாருக்கும் பல் வலிக்கவில்லையா? வலித்தது. மாடனுக்கு வலித்தது. அவன் தை மாசம் பனங்கிழங்கு தின்றதை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். ஒருவருக்கு ஞானப்பல் வலித்தது. நிதியில் சேர்ந்த அன்று அந்தப் பல் வாயில் இல்லை, ஆகையால் அது சந்தாதாரர் இல்லை. ஒலி முகம்மதுவுக்கே வலித்தது. அவர் வெற்றிலை போடுகிறவர். ஷரத்துப்படி பாதி.

"பாதிப் பல்லை எப்படி அண்ணாச்சி பிடுங்குதது?" என்று அவர் கேட்டார்.

"மீதிக்கு நீரு கைக்காசு போட்டுக்கிடும் பாய்" என்றார் குற்றாலிங்கம். பாய் கிராம்பு வைத்து அமுக்கிக்கொண்டார்.

இப்படியிருக்கும்போதுதான் பிச்சையாவின் பல் வந்தது.

பிச்சையா துணி கிழிக்கிறவன். கெஜக்கோலால் அளந்து, கரையைப் பல்லால் ஒரு கடி கடித்து, இரண்டு கையாலும் இழுத்தால் மல்துணி டர்ரென்று நூல் பிசகாமல் கிழியும். இருபது வருஷமாக அப்படித்தான். கத்தரி பக்கத்திலேயே கிடக்கும், அது அவனுக்குத் தோதுப்படாது. இடது பக்கம் கீழே, கோரைப்பல்லை அடுத்த பல்லில் ஆனி மாசம் பிறந்ததிலிருந்து வலி. முதலில் வலது பக்கத்தால் கடித்துக் கிழித்தான். அப்புறம் கத்தரியால் வெட்டினான். அப்புறம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, உயிர் போகுது. நிதியிலேருந்து ஏதாவது பாருங்க" என்றான்.

குற்றாலிங்கத்துக்கு உண்மையிலேயே மனசு இளகியது. கூடவே, நாம் ஒளிக்க வேண்டாம், ஒரு சின்ன சந்தோஷமும் வந்தது. பனங்கிழங்கு இல்லை, வெற்றிலை இல்லை, ஞானப்பல் இல்லை. ஷரத்துக்குள் அடங்குகிற முதல் பல்!

"ஞாயித்துக்கிழமை பொதுக்கூட்டம் போட்டுருவோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. சீசன் ஆரம்பித்துச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. கூட்டத்தைக் குற்றாலத்தில் போட்டால் குளித்த மாதிரியும் இருக்கும் என்று ஆளுக்காள் சொன்னார்கள். ஒரு துண்டைத் தாடையோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு பிச்சையாவும் பஸ் ஏறினான். குளிக்க அல்ல, பல்லோடு ஆஜராக.

எண்ணெய் தேய்த்து, பேரருவியில் நின்று, தலை துவட்டி, பாறைமேல் கூடிப் பார்த்தால் ஆறு பேர்தான் இருந்தார்கள். கோரத்துக்கு ஏழு பேர் வேண்டும். இரண்டு பேர் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். இரண்டு பேர் இன்னும் அருவிக்கு அடியில்.

"நானும் இருக்கேன்லா அண்ணாச்சி, ஏழு ஆச்சே" என்று துண்டுக்குள்ளிருந்து சொன்னான் பிச்சையா.

"பல்லுக்காரன் சேர்த்தி இல்லலே."

குற்றாலிங்கமே எழுந்து போய் அருவிக்கு எதிரில் நின்று, "கோரம் இல்ல! வெளிய வாங்கடே!" என்று இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் என்ன கேட்கும்? அண்ணாச்சிக்கு இன்றைக்கு உற்சாகம் என்று நினைத்து அவர்களும் கையை ஆட்டினார்கள். அரை மணி நேரம் ஆட்டினார்கள். அதுவரை பிச்சையா பாறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாயைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்தான்.

கூட்டம் கூடியது. டார்ச் விளக்கு அடித்து எட்டு பேரும் வரிசையாக வாய்க்குள் பார்த்தார்கள். வீக்கம் உண்மை என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். தீர்மானத்தை முடிக்க இன்னும் ஒரு வரிதான் பாக்கி. வலிக்குக் காரணம் என்ன என்று நோட்டில் ஒரு கட்டம் போட்டிருந்தார் குற்றாலிங்கம்.

"என்ன காரணம்? துணி கடிச்சதுதான்" என்றான் மாடன், உதவி செய்வதாக நினைத்து.

குற்றாலிங்கத்தின் பேனா நின்றது. பதினேழாவது ஷரத்து. வேலை நேரத்தில் வேலை காரணமாக வந்த பல்வலி முதலாளியைச் சேரும், நிதியைச் சேராது. நாளைக்கு ஒருநாள் முதலாளியை மடக்குவதற்காக அவரே ஆசையோடு எழுதி வைத்தது. அவர் நோட்டைப் பார்த்தார். பிச்சையாவைப் பார்த்தார். மறுபடியும் நோட்டைப் பார்த்தார்.

"பிச்சையா, நீ கெட்டிக்காரன்லே. இது முதலாளி பல்லு" என்றார்.

திங்கட்கிழமை முதலாளியிடம் போனார்கள். அவர் எழுந்து வந்து, மேஜைமேல் கிடந்த கத்தரியை எடுத்து, பிச்சையாவின் கண்ணுக்கு முன்னால் இரண்டு தடவை வெட்டிக் காட்டினார்.

"இது என்னதுடே? இதை வாங்கிப் போட்டிருக்கேனா இல்லையா? பல்லால கடின்னு நான் சொன்னேனா?"

சொல்லவில்லை. ஆகவே அது முதலாளி பல்லும் இல்லை. வேலையில் வந்த வலி, ஆனால் வேலையால் வந்ததில்லை. சொந்தமாகக் கடித்த வலி, ஆனால் சந்தோஷத்தில் கடித்ததில்லை. அன்று பகல் முழுவதும் குற்றாலிங்கம் பில் போடாமல் யோசித்தார். மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை. ஐந்துக்கும் பதினேழுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்த பல்லை எப்படி வெளியே எடுப்பது என்று அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் வழி கிடைத்தது. ஒன்பது! சர்ட்டிபிகேட்டில் டாக்டரே காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டால், தீர்மானிக்க வேண்டிய பாரம் டாக்டரைச் சேரும். வாசலுக்கு வந்து பிச்சையாவைத் தேடினார். அவன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

வந்தது அவன் மனைவி முப்பிடாதியம்மாள். குத்துக்கல்வலசையிலிருந்து சாரலில் நனைந்துகொண்டே நடந்து வந்திருந்தாள். நடவிலிருந்து பாதியில் எழுந்து வந்தவள். கணுக்காலில் சேறு அப்படியே இருந்தது.

"அண்ணாச்சி, அவுகளுக்குக் காய்ச்சல் கொதிக்குது. கண்ணு வரைக்கும் வீங்கிட்டுது. வாயைத் திறக்க முடியல, கஞ்சி இறங்கல. டாக்டர்ட்டக் காட்டணும். நிதியில பணம் இருக்காம்லா?"

"இருக்கு தங்கச்சி. ஏன் இல்லாம? முப்பத்தெட்டரை ரூவா இருக்கு" என்றார் குற்றாலிங்கம், பெருமையாகவே. "ஒரு சர்ட்டிபிகேட்டு மட்டும் வாங்கிட்டு வந்துரு. ரெண்டு வரி போதும்."

"அது எங்கன குடுக்காவ?"

"டாக்டர் குடுப்பாரு."

"பார்க்காம எழுதிக் குடுத்துருவாரா?"

"அது எப்படி? பார்த்துட்டுத்தான்."

"பார்க்க எவ்வளவு?"

"ரெண்டு ரூவா."

"அந்த ரெண்டு ரூவா நிதியில குடுப்பியளா?"

"குடுப்போம். சர்ட்டிபிகேட்டைப் பார்த்ததும் குடுப்போம்."

முப்பிடாதியம்மாள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் இல்லை. கூலி நெல் அளக்கிறவன் மரக்காலை எப்படிப் பிடிக்கிறான் என்று பார்க்கிற பார்வை. வெளியே ஒலி முகம்மதுவின் மிஷின் நின்றுவிட்டது.

"பெட்டி எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

கேட்டால் பதில் சொல்கிற மனுஷர் அவர். பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்லக் கூடாது என்று ஷரத்தும் இல்லை. "அந்தா, மேல் தட்டுல, மல்பீசுக்குப் பின்னால" என்று விரலை நீட்டினார்.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். பெட்டியை எடுத்தாள். தண்ணீர்க் குடத்தை வைப்பதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டாள். இறங்கினாள். நடந்தாள். வாசலில் ஒலி முகம்மது தன் சாவியைப் பெட்டி மேல் வைத்தார். சாரலில் பெட்டி ரத வீதியில் திரும்பி மறைந்தது.

குற்றாலிங்கம் என்ன செய்தார்? ஓடிப்போய்ப் பிடித்தாரா? கத்தினாரா? இல்லை. நோட்டைப் பிரித்து ஒன்றிலிருந்து பதினேழு வரை மூன்று தடவை படித்தார். பெட்டியை யாராவது தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது என்று அதில் இல்லை. நோட்டு எழுத ஆரம்பித்த பிறகு முதல் தடவையாக, என்ன செய்வதென்று எழுதி வைக்காத ஒரு காரியத்துக்கு நடுவில் அவர் நின்றார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், அதை விரிக்க மறந்து நனைந்துகொண்டே போனார்.

பல் டாக்டர் யாக்கூபின் வைத்தியசாலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. போர்டில் இரண்டு வரிசைப் பல் சிரித்துக்கொண்டிருக்கும். முப்பிடாதியம்மாள் பக்கத்து வீட்டு மாட்டு வண்டியில் புருஷனைக் கிடத்தி, கூடவே நடந்து வந்து, முன்னதாகவே அவனை அங்கே விட்டுவிட்டுத்தான் கடைக்கு வந்திருக்கிறாள். குற்றாலிங்கம் போய்ச் சேர்ந்தபோது பெட்டி திறந்து கிடந்தது. ஒரு பூட்டுச் சாவியோடு தொங்கியது. இன்னொன்று தரையில் கிடந்தது. யாக்கூப் டாக்டரின் குறடு அன்று முதலில் பிடுங்கியது அதைத்தான்.

பிச்சையா பெஞ்சில் மல்லாந்து கிடந்தான். வாயில் பஞ்சு. கண் மூடியிருந்தது. ஒரு கன்னம் இன்னொருவனுடைய கன்னம் மாதிரி இருந்தது.

"நீரு யாருவே?" என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே.

"செயலாளர்."

"எதுக்கு?"

"பல்லுக்கு."

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா சீழ் கழுத்துக்கு இறங்கியிருக்கும். பாளையங்கோட்டைக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கணும். ஓடினாலும் சொல்லுததுக்கில்ல. பென்சிலின் ஊசி போட்டிருக்கேன். நாலு நாளைக்குத் தினமும் போடணும். ஆமா, இவ்வளவு நாளா என்ன செஞ்சிக்கிட்டு இருந்தான்?"

குற்றாலிங்கம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை பாறையில் எச்சில் துப்பிக்கொண்டிருந்தவனை நினைத்தார். அரை மணி நேரம் அருவியைப் பார்த்துக் கையை ஆட்டியதை நினைத்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். மன்னிப்புக் கேட்பதற்குத்தான் திறந்தார் என்று நான் நம்புகிறேன்.

"பல்லு எங்க? வவுச்சரோட வைக்கணும்" என்று வந்தது.

முப்பிடாதியம்மாள் ஒரு காகிதப் பொட்டலத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. இதுலே நீங்க சொன்ன ரெண்டு வரி எழுதியிருக்கான்னு பாருங்க" என்றாள். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

பிறகு அவர் செய்தது ஒருவருக்கும் தெரியாது. எனக்கு வண்டிக்காரன் சொல்லித்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டில் ஒரு குதிரை வண்டி பிடித்து, பிச்சையாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முப்பிடாதியம்மாளை முன்னால் உட்கார வைத்து, விரித்த குடையை அவன் முகத்துக்கு மேலே பிடித்தபடி குத்துக்கல்வலசைக்குக் கொண்டுபோய் விட்டார். வாடகை பன்னிரண்டணா, கைக்காசு. நிதியில் எழுதவில்லை. ரசீது வாங்கவில்லை. இதை வெளியே சொல்லிவிடாதே என்று வண்டிக்காரனிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். செயலாளருக்கு ஒரு மானம் இருக்கிறதல்லவா?

பிச்சையா பத்து நாளில் எழுந்து வந்தான். கத்தரியால் வெட்டக் கற்றுக்கொண்டான். அடுத்த பொதுக்கூட்டத்தைக் கடையிலேயே போட்டார்கள். பூட்டை உடைத்த விஷயம் வரும், முப்பிடாதியம்மாளைக் கண்டித்துத் தீர்மானம் வரும் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாடன் சண்டைக்குத் தயாராகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். குற்றாலிங்கம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, புதிதாக எழுதி வந்த பதினெட்டாவது ஷரத்தை வாசித்தார்.

"நிதிப் பெட்டி இனிமேல் கீழ்த் தட்டில், பெண்களுக்கு எட்டும் உயரத்தில் வைக்கப்படும். அவசரத்தில் தூக்கிக்கொண்டு போகிறவர்களிடம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. பெட்டியைத் திருப்பித் தந்தால் போதும். புதுப் பூட்டு வாங்குவது நிதிக்கு வீண் செலவு."

"வெத்தில போடுதவங்களுக்கும் இது உண்டா அண்ணாச்சி?" என்று கேட்டார் ஒலி முகம்மது.

குற்றாலிங்கம் பேனாவை எடுத்தார். உண்டு என்று எழுதப் போனவர், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே நெடுநேரம் யோசித்தார். பிறவி எங்கே போகும்? "பாதித் தூரம் தூக்கலாம்" என்றார். கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். நல்லது. போகும்முன் ஒன்றே ஒன்று கேட்டுவிடுகிறேன். போன மாதம் பக்கத்து வீட்டுக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, மகளுக்குப் பரீட்சைப் பணம் கட்ட ஐந்து ரூபாய் வேண்டும் என்று உங்களிடம் கேட்டாள் அல்லவா? கடைசித் தேதி என்றைக்கு, போன தடவை யார் கட்டியது, அண்ணன் சம்பாதிக்கிறானே அவன் என்ன செய்கிறான் என்று நீங்கள் விசாரித்தீர்கள் அல்லவா? கடைசியில் கொடுத்தும்விட்டீர்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதுவரை அந்தப் பெண்பிள்ளை உங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், அதைத்தான் சொல்கிறேன்.

இல்லை, உங்கள் விஷயம் வேறு, அதில் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது என்கிறீர்களா? இருக்கும். குற்றாலிங்கத்துக்கும் எப்போதும் ஒரு சின்ன வித்தியாசம் இருந்தது.